யாரும் நிற்கக் கூடாத இடம்

துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில், லைட்டரும் ரப்பர் பேண்டும் எதற்கென்று தெரியாத சாவிகளும் கிடக்கும் டிராயரில், ஒரு மஞ்சள் டேப் சுருளும் இருக்கிறது. துணியில் செய்த டேப். ஓரமெல்லாம் அழுக்கேறி, பாதிக்கு மேல் தீர்ந்துபோய் இளைத்துக் கிடக்கிறது. போன மாதம் என் மகள் கூரியரில் அனுப்ப ஒரு பெட்டியை ஒட்டுவதற்காக அதைக் கையில் எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்த என் கணவர் என்னமோ பாம்பு வந்துவிட்டது என்று ஓடி வந்தார். “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் டேப்” என்றாள் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் தமிழ் போய்விடும். எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும், அதுவும் திருச்சித் தமிழ். அன்று எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை. அன்று காலைதான் பழைய கம்பெனியிலிருந்து அழைப்புக் கடிதம் வந்திருந்தது. புதிதாகக் கட்டிய ஓர் அரங்கத்துக்கு எங்கள் இயக்குநரின் பெயரை வைக்கிறார்களாம். அவரோடு வேலை செய்தவள் என்ற முறையில் நான் வந்து மேடையில் நிற்க வேண்டுமாம்.

அவர் இங்கிலாந்துக்காரர். அங்கே நாடகங்களையும், பிறகு சில சினிமாக்களையும் இயக்கியவர். அறுபதைத் தாண்டிய வயதில் துபாய்க்கு வந்தார். நான் அப்போது தேராவில், நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் இருந்தேன். படித்தது பி.காம்., செய்தது டைப்பிங், ஃபோன், யார் யாரோ மறந்துவிட்டுப் போனதை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது. முத்துக்குளிப்பை வைத்துப் பெரிய மேடை நாடகம் ஒன்று போடப்போகிறோம், வெளிநாட்டு இயக்குநர் வருகிறார், கொஞ்சம் கிறுக்கர், நீதான் பொறுமைசாலி, நீ பார்த்துக்கொள் என்றார் எங்கள் பொது மேலாளர். என்னைப் பொறுமைசாலி என்று சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான். வந்த முதல் வாரமே இயக்குநர் என் தலையில் ஹெட்செட்டை மாட்டி, நீதான் என் ஸ்டேஜ் மேனேஜர் என்று அறிவித்துவிட்டார். மேடைக்குப் பக்கவாட்டில் இருட்டில் உட்கார்ந்து, எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எந்தச் சத்தம் எப்போது வர வேண்டும், யார் எப்போது மேடைக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஹெட்செட்டில் சொல்லிச் சைகை கொடுக்கும் வேலை. கல்யாண வீட்டில் சமையலறைக்கும் மணமேடைக்கும் நடுவே நின்று எல்லோரையும் விரட்டும் அத்தை ஒருத்தி இருப்பாள் இல்லையா, அவள் வேலைதான். எனக்கு அது உடனே பிடித்துப்போனது.

ஒத்திகை நடந்தது எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தொழிற்பேட்டையில், ஒரு கிடங்கில். ஏசி பெயருக்கு ஓடும். அந்தத் தரையில் அவர் முட்டி போட்டு டேப் ஒட்டிய காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேடை எவ்வளவு அகலமோ அதே அளவுக்குத் தரையில் கோடு. நீல டேப் ஒட்டினால் அது கப்பல், வெள்ளை ஒட்டினால் சுவர். சுவர் வழியாக யாராவது நடந்துபோனால் அவருக்கு வருமே கோபம்! “நீ என்ன பேயா? கதவு இருக்கிறதே, அதன் வழியாக வா” என்பார். டீ கொண்டு வருகிறவர்கூட டேப்பில் வரைந்த கதவு வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முதலில் சிரித்தவர்கள் எல்லாம் இரண்டே வாரத்தில் ஒழுங்காகக் கதவு வழியாக வந்தார்கள். கடைசியாக மேடையின் முன்பக்கத்தில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, மஞ்சள் டேப்பில் பெருக்கல் குறி போலச் சின்னதாக ஒரு குறுக்கு போட்டார். பொதுவாக அப்படிப் போட்டால் அது ஒரு நடிகர் வந்து நிற்க வேண்டிய இடம். இங்கே யார் நிற்பது என்று கேட்டேன். “யாரும் இல்லை. இது யாரும் நிற்கக் கூடாத இடம். நாடகமே இதுதான்” என்றார்.

அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். முத்துக்குளிக்கும் பருவம் முடிந்து கப்பல்கள் திரும்புகின்றன. கரையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே வரிசையாக நம்மைப் பார்த்து நிற்கும்போது, ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருக்கிறது. பாட்டு இல்லை, மேளம் இல்லை, அழுகை இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கி வந்து அந்த இடத்தை அடைப்பதும் இல்லை. பிறகு எல்லோரும் ஊருக்குள் நடக்கிறார்கள். அந்தக் காலி இடமும் அவளோடு கூடவே நடந்து போகிறது. அவ்வளவுதான் காட்சி. முதல் தடவை ஒத்திகையில் பார்த்தபோது, அடுத்த சைகை கொடுக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அதற்குத் திட்டும் வாங்கினேன்.

கப்பலில் கயிறு இழுக்கும் ஆட்களாக நடிக்க, மேடைக்குச் சாரம் கட்ட வந்த நம் ஊர் ஆட்களையே அவர் பிடித்துப் போட்டார். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். அவர்களில் தொண்டிக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், எதையும் கேட்டுவிடும் வாய். இயக்குநரை அவர்கள் எல்லோரும் ‘தொரை’ என்றார்கள். அவருக்கு அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைப்பு. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி எங்களிடம் எவ்வளவோ மன்றாடினார். அப்பா வயது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு நாக்கு வரும்? நான் கடைசிவரை ‘சார்’ என்றேன். அவர் கற்றுக்கொண்ட தமிழ் ‘மெதுவா’, ‘இன்னொரு தடவை’, ‘டீ’ ஆகிய மூன்றும்தான். ஒத்திகை நடத்த அது போதும் என்று பிறகு தெரிந்தது.

கராக் டீயும் கையுமாக அவர் விட்டுவிட்டுச் சொன்னதை வைத்துத்தான் அவருடைய வாழ்க்கையை நான் அறிவேன். வடக்கு இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர், ஒரு குளிர்காலத்தில் திரும்பி வரவில்லை. அம்மா வீட்டு மாடியை ஊருக்கு வரும் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். காலைச் சாப்பாட்டு மேசையில் ராஜாவும் கொலைகாரனும் வசனம் சொல்லிக்கொண்டே ரொட்டி தின்பதைப் பார்த்து வளர்ந்தவர் வேறு என்ன ஆவார்? ஊர் நாடக அரங்கில் மேடை கூட்டினார், திரை இழுத்தார், பிறகு என்னைப் போல ஹெட்செட் மாட்டினார், பிறகு இயக்கினார். லண்டன் அவரைக் கொஞ்ச காலம் தலையில் தூக்கி வைத்து ஆடியது. சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், மூன்று படங்கள் எடுத்தார். மூன்றாவது படத்தின் முடிவைத் தயாரிப்பாளர்கள் அவருக்குத் தெரியாமல் வெட்டிவிட்டு, ஒரு கல்யாணத்தைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். படம் நன்றாக ஓடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. வழக்குப் போட்டார், தோற்றார், பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கினார். அதன்பிறகு யாரும் சினிமாவுக்குக் கூப்பிடவில்லை. சின்னச் சின்ன ஊர்களில் நாடகம் போட்டுக்கொண்டு, கல்லூரிகளில் பாடம் எடுத்துக்கொண்டு, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, துபாயிலிருந்து வந்த ஃபோனுக்குச் சரி என்று சொன்னார்.

அந்த மஞ்சள் குறுக்கைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். கப்பல்கள் திரும்பும் நாளில் அவர்கள் ஊர்ப் பெண்கள் துறைமுகச் சுவரோரம் வரிசையாக நிற்பார்களாம். அப்பா போன பிறகும் அம்மா போய் நின்றாராம். அம்மாவுக்குப் பக்கத்தில் மற்றப் பெண்கள் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நின்றார்களாம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. “இத்தனை வருடம் நாடகம் போட்டேன். அதைவிட நல்ல காட்சியை நான் அமைத்ததில்லை. இப்போதுதான் அதற்கு ஒரு நாடகம் கிடைத்திருக்கிறது” என்றார். டீயைக் குடித்தார். ‘இன்னொரு தடவை’ என்று தமிழில் கத்திக்கொண்டே எழுந்து போனார்.

அரங்கேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சுவரொட்டிகள் அச்சாகி வந்தன. சரக்கு இறக்கும் வாசலில் ஆட்கள் ஒன்றைப் பிரித்துப் பிடித்தார்கள். தொண்டிக்காரர்தான் முதலில் கேட்டார். “அக்கா, இது யாருக்கா? நம்ம தொரை படத்தக் காணோமே?” படத்தில் இருந்தவர் ஓர் இளைஞர். அவரும் இங்கிலாந்துக்காரர்தான், அப்போது ஏதோ விருது வாங்கிப் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தவர். இயக்கம் என்று அவர் பெயர்தான் இருந்தது. எங்கள் இயக்குநரின் பெயர் முன்பக்கத்தில் இல்லை, கீழே பொடி எழுத்தில் இல்லை, எங்குமே இல்லை. நான் நேராகப் பொது மேலாளரின் அறைக்குப் போனேன். விளம்பரம் கொடுப்பவர்கள் புதிய முகம் கேட்கிறார்களாம், டிக்கெட் விற்க வேண்டுமாம். பெரியவர் புரிந்துகொள்வார், அவர் நம் குடும்பத்தில் ஒருவர் என்றார். யாருடையதையாவது பிடுங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் ‘குடும்பம்’ என்ற வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

அவர் கத்துவார், அரங்கமே அதிரும், கம்பெனி காலில் விழும் என்று காத்திருந்தேன். டேப்பில் போட்ட சுவரைத் தாண்டியதற்கே அந்தக் குதி குதித்தவர் ஆயிற்றே. அவரோ சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், “படம் நன்றாக எடுத்திருக்கிறார்கள்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் வயசு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார். விசா கம்பெனியுடையது; இங்கே கஃபீல் என்பார்களே, விசா கொடுத்துப் பிடியில் வைத்திருக்கும் முதலாளி, அது கம்பெனிதான். அவர் விலகிக்கொண்டால் நாடகத்தைத் தள்ளிப்போடுவார்களாம், தள்ளிப்போட்டால் முதல் வேலையாகக் கயிறு இழுக்கும் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மேலாளர் அவரிடம் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார். “நான் லண்டன் போனால் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அவர்கள் கடன் வாங்கி வந்தவர்கள்” என்றார். வெளியே வந்து ஆட்களிடம் விசா விஷயத்தை மட்டும், பாதியைத்தான் சொன்னேன். அதற்கே தொண்டிக்காரருக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். “வெள்ளக்காரவுகளுக்குமா கஃபீல் உண்டு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அவர்கள் கதவுக் கோட்டுக்குள் இன்னும் ஒழுங்காக நடந்ததை மட்டும் பார்த்தேன்.

புதியவர் வந்தார். நல்ல மனிதர்தான், அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்கிறோம் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்குமோ என்னவோ. சில நாட்கள் இருந்தார். விளக்குகளைக் கூட்டினார். கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, இங்கே ஓட்டையாக இருக்கிறதே என்றார். ஓட்டையாம்! மஞ்சள் குறுக்கைப் பிய்த்து எடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் கையில் விளக்கோடு ஒரு நடனப் பெண்ணை நிறுத்தினார், பின்னால் பெரிய மேளம். இறந்தவரின் ஆன்மாவாம் அது. எங்கள் இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தும் போகவில்லை. அவரை அங்கே பார்க்கப் பார்க்க எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

முதல் காட்சி முடிந்து கைதட்டலெல்லாம் ஓய்ந்த பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். மிச்சமிருந்த மஞ்சள் டேப் சுருளை என் முன்னால் வைத்தார். அவர்கள் நாட்டு நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். நாடகம் அரங்கேறிவிட்டால் அன்றோடு இயக்குநருக்கு வேலை முடிந்தது. அதன்பிறகு நாடகம் ஸ்டேஜ் மேனேஜருடையது. இயக்குநர் எப்படி விட்டுவிட்டுப் போனாரோ, கடைசி நாள்வரை அது அப்படியே நடக்கும்படி காப்பது அவள் பொறுப்பு. இயக்குநரே வந்து மாற்றச் சொன்னாலும் அவள் முடியாது என்று சொல்லலாம். “இனி இது உன் நாடகம்” என்றார். “எந்த இயக்குநர் விட்டுவிட்டுப் போனதைக் காக்க வேண்டும் சார்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அது உன் தலைவலி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதியவர் மறுநாளே விமானம் ஏறிவிட்டார். நான் அந்த வார இறுதிவரை பொறுத்தேன், அதுவே எனக்கு அதிகம். பிறகு ஒரு மாலை, காட்சி தொடங்குமுன், தரையில் மஞ்சள் டேப்பால் குறுக்கு போட்டேன். நடனப் பெண்ணிடம் கடைசிக் காட்சியில் நீ போக வேண்டாம் என்றேன். அவளுக்கு அந்த விளக்கு சுட்டுக்கொண்டே இருந்தது, நிம்மதியாகத் தலையாட்டினாள். மேளம் வர வேண்டிய நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். சைகை போகாவிட்டால் சத்தம் வராது, அவ்வளவு சுலபம். கப்பல்கள் திரும்பின, வரிசை நின்றது, அந்த இடம் காலியாக இருந்தது. அரங்கம் மொத்தமும் மூச்சை அடக்கியது எனக்கு ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்டது. எங்கோ ஒரு பெண் விம்மினாள். பொது மேலாளர் இரண்டாம் வரிசையில்தான் இருந்தார். குனிந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுவதும் நாடகம் அப்படியே நடந்தது. கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தங்கள் நாடகத்தை அவர்கள் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

பிறகுதான் அந்த விமர்சனம் வந்தது. நாடகத்தின் சிகரம் அந்தக் கடைசி மௌனம்தான், அந்தக் காலி இடத்தை விட்டுவைக்கத் துணிந்த இளம் இயக்குநர் ஒரு மேதை என்று எழுதியிருந்தார்கள். நான் அவருக்காகச் செய்தது, அவரிடமிருந்து பிடுங்கியவருக்கே மாலையாகப் போய் விழுந்திருந்தது. அவருடைய அறைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். “வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்து, “நீ கோபப்படு. கோபத்துக்கு மூச்சு வேண்டும், என்னிடம் இப்போது அவ்வளவு இல்லை” என்றார். அதை இன்றுவரை எனக்கு விட்டுப்போன வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஓமானில் உள்ள சலாலாவுக்குப் போய், மழைக்காலத்து மூடுபனியைப் பார்த்து, தன் ஊர்போலவே இருக்கிறது என்று எனக்கு ஒரு படம் அனுப்பினார். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் நாடகம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். நோய் என்று ஒரு செய்தி வந்தது, போய்விட்டார் என்று அடுத்த செய்தி. கம்பெனியிலிருந்து ஒரு பூ போகவில்லை. எனக்குத் தெரியும், நான் ஃபோன் செய்து கேட்டேன்.

அவருடைய பெயரைத்தான் இப்போது வாசலில் வைக்கிறார்கள். செத்தவர் பங்கு கேட்கமாட்டார் அல்லவா. திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் அந்த டேப்பைப் போட்டுக்கொண்டு போனேன். எதற்கு எடுத்துப்போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது. அரங்க வாசலில் பித்தளை எழுத்தில் அவர் பெயர் மின்னியது. அதற்குப் பக்கத்துச் சுவரிலேயே, முத்துக்குளிப்பு நாடகத்தை மறுபடி போடுகிறார்கள் என்று ஒரு புதுச் சுவரொட்டி. இயக்கம் என்று அதே இளையவரின் பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருவர் கண்ணுக்குக்கூட அது படவில்லை. உள்ளே பொது மேலாளர், தலை நரைத்து இன்னும் மினுமினுப்பாக, எங்களுக்கு மௌனத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் பேசினார். மேடை ஓரத்து இருட்டில் கறுப்புச் சட்டையில் தொண்டிக்காரர் நின்றிருந்தார். இப்போது அவர் ஃபோர்மேன். என்னைப் பார்த்து, “என்னக்கா இந்தக் கூத்து?” என்று வாயசைத்தார்.

கடைசியில் எல்லோரையும் மேடையின் முன்பக்கம் வரிசையாக நிற்க வைத்தார்கள், பத்திரிகைக்குப் படம். என்னை மேலாளருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். புகைப்படக்காரர் கையை ஆட்டி, நெருங்கி நில்லுங்கள், இடம் விடாதீர்கள் என்றார். மேலாளர் என் பக்கம் குனிந்து, “அவர் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார், இல்லையா?” என்றார். அவ்வளவுதான். நான் கைப்பையைத் திறந்தேன். குனிந்து, நான் நின்ற இடத்திலேயே மஞ்சள் டேப்பைக் கிழித்துக் குறுக்காக ஒட்டினேன். நிமிர்ந்து, வரிசையை விட்டு நடந்தேன். “நடுவுல கேப் வருது மேடம்!” என்று கத்தினார் புகைப்படக்காரர், அவரும் நம் ஊர்க்காரர் போலிருக்கிறது. “வரட்டும்” என்றேன். மேலாளர் நகர்ந்து அந்த இடத்தை அடைக்கப் பார்த்தார். அப்போது இருட்டிலிருந்து ஃபோர்மேனின் அதட்டும் குரல் வந்தது. “சார், மாஃபி, வேணாம்! மார்க் இருக்கு, அதுல நிக்கக் கூடாது!” இந்த ஊரில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். மேலாளர் ஏன் எதற்கு என்று கேட்காமல் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் டேப்பை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். கேமரா மின்னியது.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பெரிய மனிதர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருக்கிறது, அதன் அடியில் மஞ்சளாக ஒரு சின்னக் குறுக்கு. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, இதில் நீ எங்கே என்று கேட்டார். நான் டேப்பை டிராயரில் போட்டு மூடினேன். எங்கள் இயக்குநர் செய்ததற்கு ஒருநாளும் அவர் பெயரைப் போடாதவர்கள், அன்று பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்று அவருக்கு இடம் விட்டிருந்தார்கள்.